டெர்னா நகரம்: அதன் நிலமும் மக்களும்

2023 செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை. மொராக்கோவில் நிலநடுக்கம் நடந்து ஒரு வாரம். லிபியாவில் வெள்ளம் வந்து நான்கு நாட்கள். ஜும்ஆவில் இரண்டு நாட்டு மக்களுக்கும் சேர்த்து துஆ கேட்டுவிட்டு வெளியே வந்தபோது, மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: "ஹஜ்ரத், பூகம்பம்னா புரியுது. ஒரு ராத்திரி மழையில ஒரு ஊரே எப்படி கடலுக்குள்ள போகும்?"

"எல்லாம் தக்தீர், பாய்" என்று சொல்லி ஸலாம் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். சொன்னது தவறல்ல. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. அந்த ஊரின் நிலத்தைப் பற்றித்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தபோதுதான் நமக்கே அது உறைத்தது. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

லிபியா என்றால் பாலைவனம் என்பதே நம் எல்லோருடைய எண்ணமும். நாட்டின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பாலைவனம்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. ஆனால் நாட்டின் வடகிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலை ஒட்டி, ஒரு சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. ஏறத்தாழ 880 மீட்டர் உயரம். கடலிலிருந்து வரும் மேகத்தை அந்த மலை தடுத்து நிறுத்திவிடுவதால், அதன் உச்சிப் பகுதிகளில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. அதனால் பசுமை. அதனால்தான் அதற்கு 'அல்ஜபல் அல்அக்ளர்', பச்சை மலை, என்று பெயர். இத்தாலியரை எதிர்த்து உமர் முக்தார் (ரஹ்) போராடிய மலை இதுதான்.

இந்த மலையின் வடக்குச் சரிவு கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. அந்தச் சரிவுக்கும் அலைக்கும் இடையே கிடைத்த ஒரு துண்டுச் சமவெளியில் உட்கார்ந்திருக்கிறது டெர்னா. அரபியில் தர்னா. மேற்கே பெங்காசி, கிழக்கே தோப்ருக், இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு துறைமுகம்.

அந்தச் சமவெளி எப்படி உண்டானது என்பதில்தான் பெரியவரின் கேள்விக்கான விடை தொடங்குகிறது. மலைக்குள்ளிருந்து ஒரு 'வாதீ' இறங்கி வருகிறது. மக்கா ஒரு வாதீயில் அமைந்த ஊர் என்று படித்திருப்பீர்கள். மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் ஓடி, மற்ற நாட்களில் வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. (1941இல் மக்காவில் வெள்ளம் வந்து கஃபாவைச் சுற்றி ஆட்கள் நீந்தும் பழைய படத்தை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம்.) வாதீ டெர்னா சுமார் 575 சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பின் மழைநீரைத் திரட்டி, ஒரு குறுகிய பள்ளத்தின் வழியாகக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அது கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான், ஊர் நிற்கும் அந்த விசிறி வடிவ நிலம். அதாவது ஊரை உண்டாக்கியதே வெள்ளம்தான். ஊரின் நட்டநடுவே வாதீ ஓடுகிறது. கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, பாலங்களால் இணைந்திருந்தது.

வண்டலும் மலை ஊற்றுகளும் இருந்ததால் தோட்டங்கள் செழித்தன. டெர்னாவின் மல்லிகையும் வாழையும் லிபியா முழுக்கப் பேர் பெற்றவை. ஊருக்கு மேலே மலைக்குள் ஓர் அருவிகூட உண்டு. பாலைவன நாட்டில் அருவி என்றால் அந்த மக்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

இந்த நிலத்துக்கு வந்தவர்கள்

கிரேக்கர் காலத்தில் இதன் பெயர் டார்னிஸ். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே, அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களின் படை எகிப்திலிருந்து மேற்கே பர்காவுக்கு நகர்ந்தபோது, இந்தக் கரையும் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், கடல் வழியாக வந்திறங்கிய பைஸாந்தியப் படையை எதிர்த்துப் போரிட்டு ஸுஹைர் பின் கைஸ் அல்பலவீ இங்கேதான் ஷஹீதானார். கைரவானை அமைத்த உக்பா பின் நாஃபிஉ அவர்களின் தளபதி அவர். ஸஹாபியா, தாபிஈயா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. டெர்னா மக்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. அவரும் அவருடைய தோழர்களும் அடங்கியுள்ள இடத்தை ஒட்டிய பள்ளிவாசலை 'மஸ்ஜிதுஸ் ஸஹாபா' என்றே அழைக்கிறார்கள்.

பிறகு ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட அந்தலுஸிய முஸ்லிம்கள் வந்து குடியேறினார்கள். அவர்களின் தோட்டக் கலையும் வீடு கட்டும் பாணியும் ஊரில் நிலைத்தன. உஸ்மானியர் காலத்தில் எழுந்த பழைய ஜாமிஆ மஸ்ஜித், மஸ்ஜிதுல் அதீக், சிறு சிறு குப்பாக்கள் வரிசையாக நிற்கும் அழகுக்காகப் பேசப்படுவது.

1805இல் அமெரிக்கா தன் படையை எடுத்துவந்து, கடல்கடந்த ஒரு நாட்டில் முதன்முதலாகப் போரிட்டுத் தன் கொடியை ஏற்றியது இந்தச் சின்ன ஊரில்தான். 1911இல் இத்தாலி படையெடுத்தபோது, டெர்னா முனையில் உஸ்மானியப் படைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் முஸ்தஃபா கமால். ஆம், பின்னாளில் கிலாஃபத்தை நீக்கிய அதே கமால்! 1930இல் இத்தாலியர்கள் பச்சை மலையின் மக்களை, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை, அப்படியே கிளப்பிக்கொண்டுபோய் முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். பல்லாயிரம் பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே மடிந்தனர். இந்தப் பகுதி மக்களுக்கு எண்ணிக்கை தெரியாத சாவு 2023இல் வந்த புதிய விஷயம் அல்ல.

கவிஞர்கள், நாடகக்காரர்கள், படித்தவர்கள் நிறைந்த ஊர் என்று லிபியர்களே சொல்வார்கள். 2011இல் கத்தாஃபி வீழ்ந்த பிறகு ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்தன. ஐ.எஸ். கும்பல் சில காலம் ஆட்டம் போட்டது. 2015இல் அவர்களை விரட்டியது ஊரிலேயே இருந்த போராளிகள்தான். பிறகு கலீஃபா ஹஃப்தரின் படை நீண்ட நாள் முற்றுகையிட்டு 2018இல் உள்ளே நுழைந்தது. இதில் யார் சரி, யார் தவறு என்று எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். நமக்கு இங்கே வேண்டிய செய்தி ஒன்றுதான்: இந்த ஆண்டுகளில் ஊருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளைக் கவனிக்க ஆள் இல்லை.

இரண்டு அணைகள்

வாதீயில் வெள்ளம் வருவது டெர்னா மக்களுக்குத் தெரிந்ததுதான். 1959இல் வந்தது, 1968இல் வந்தது. அதைத் தடுக்க 1970களில் யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்றைக் கொண்டு இரண்டு அணைகள் கட்டப்பட்டன. மேலே, ஊரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி அபூ மன்ஸூர் அணை. கொள்ளளவு 2 கோடியே 25 லட்சம் கன மீட்டர். கீழே, ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் அல்பிலாத் அணை. அதன் கொள்ளளவு வெறும் 15 லட்சம் கன மீட்டர்.

இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பாருங்கள். மேல் அணை உடைந்தால் கீழ் அணை அதைப் பிடித்து நிறுத்தவே முடியாது. பதினைந்தில் ஒரு பங்கு இடம்தான் அதில் உண்டு. மேல் அணையின் தண்ணீரை நம் ஊரில் ஓடும் 12 ஆயிரம் லிட்டர் லாரியில் ஏற்றினால் 18 லட்சத்து 75 ஆயிரம் லாரி பிடிக்கும்.

இரண்டும் கான்கிரீட் அணைகள் அல்ல. நடுவில் களிமண், இருபுறமும் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்தியவை. நம் கண்மாய்க் கரையின் பெரிய உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிங்கு வழியாகப் போகிற தண்ணீரை விட வருகிற தண்ணீர் அதிகமாகிக் கரைக்கு மேல் வழியத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். மேல் மண்ணை அரிக்கும். அரித்த இடம் பள்ளமாகும். பள்ளத்தில் இன்னும் வேகமாகப் பாயும். சற்று நேரத்தில் கரையே இருக்காது.

1998இலேயே அணைகளில் விரிசல் தெரிந்தது என்று லிபியாவின் தலைமை அரசு வழக்கறிஞர் பின்னர் தெரிவித்தார். பிறகு இத்தாலிய நிறுவனம் ஒன்று சோதித்து, ஊரைக் காக்க மூன்றாவது அணை ஒன்றும் வேண்டும் என்றது. 2007இல் துருக்கி நிறுவனம் ஒன்றுக்குப் பழுதுபார்க்கும் வேலை கொடுக்கப்பட்டது. பணம் போய்ச் சேராமல் இழுத்தடித்து 2010 அக்டோபரில்தான் வேலை தொடங்கியது. சில மாதங்களில் புரட்சி, வேலை நின்றது. அதன்பின் அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. 2022இல் உமர் அல்முக்தார் பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வாளர் அப்துல் வனீஸ் ஆஷூர், அணைகளை உடனே சரிசெய்யாவிட்டால் பெரும் வெள்ளத்தில் ஊர் மக்களுக்குப் பேரழிவு ஏற்படும் என்று ஆய்வுக் கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார்.

இதற்கிடையே, அணை இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வாதீயின் இரு ஓரத்திலும் பல மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நின்றன. நாமாக இருந்தாலும் அங்கே வீடு வாங்கியிருப்போம். ஊரின் நடு இடம், கடைத்தெரு பக்கம், கடற்காற்று.

2023 செப்டம்பர் 10. கிரீஸைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்த 'டேனியல்' புயல் பச்சை மலையில் மோதியது. மலைமேல் உள்ள அல்பைளா நகரில் 24 மணி நேரத்தில் 414 மில்லிமீட்டர் பதிவானது. வாதீயின் 575 சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மட்டும் பெய்தது என்று வைத்தாலும் 5 கோடியே 75 லட்சம் கன மீட்டர். அதில் பாதி ஓடி வந்தாலே மேல் அணை கொள்ளாது. 'அர்ரஃது' அத்தியாயத்தின் 17ஆம் வசனம், வானிலிருந்து இறங்கிய நீரால் ஓடைகள் ஒவ்வொன்றும் தத்தம் அளவுக்கு ஏற்ப ஓடுவதைப் பேசுகிறது. மத்ரஸாவில் தஃப்ஸீரில் இதைப் படித்தபோது 'அளவு' என்ற அந்தச் சொல்லை எளிதாகக் கடந்து போயிருக்கிறோம்.

11ஆம் தேதி அதிகாலை, மக்கள் உறங்கும் நேரம், இரண்டு அணைகளும் உடைந்தன. மலைக்குள் குறுகிய பள்ளத்தில் அடைபட்டு வந்த நீருக்கு வேறு வழியே இல்லை. ஊர்தான் அதன் வாய். கட்டடங்களை ஆட்களோடு பெயர்த்துக் கடலில் தள்ளியது. பாலங்கள் போயின. ஊரின் இரு பாதிக்கும் இடையே தொடர்பு அறுந்தது. கடல் பொங்கும் என்று எச்சரித்துக் கரையோர மக்களைச் சில பகுதிகளில் வெளியேற்றியிருந்தார்கள். ஊரடங்கு, வீட்டிலேயே இருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். மலைப் பக்கமிருந்து வரும் என்று தெளிவாகச் சொன்னவர் இல்லை. முறையான எச்சரிக்கை இருந்திருந்தால் பெரும்பாலான உயிர்களைக் காத்திருக்கலாம் என்று உலக வானிலை அமைப்பின் தலைவர் அந்த வாரமே சொன்னார்.

இதை எழுதும்போது காயல்பட்டினம் நினைவுக்கு வராமல் இருக்காது. டெர்னாவுக்குப் பிறகு மூன்றே மாதம்; 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அல்பைளாவில் பெய்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் கடலோரச் சிறு நகரம்தான், பழைய துறைமுகம்தான், முஸ்லிம்கள் அடர்ந்து வாழும் ஊர்தான். தென்மாவட்டங்களில் குளக்கரைகள் உடைந்தன, வீடுகள் மூழ்கின, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினார்கள். உயிர்களும் போயின, ஆனால் சில பத்துகளில் நின்றது. காரணம் மழையின் அளவு அல்ல, நிலத்தின் அமைப்பு. தாமிரபரணியின் கடைமடை தட்டையான நிலம். தண்ணீர் பரவும், தேங்கும், மெதுவாக ஏறும். மாடிக்கு ஓட நேரம் இருக்கும். டெர்னாவில் தலைக்கு மேலே மலை, மலைக்குள் உடையக் காத்திருந்த கரை.

எத்தனை பேர்?

டெர்னாவின் மக்கள்தொகை சுமார் 90 ஆயிரம் என்று பெரும்பாலான செய்திகள் எழுதின. ஒரு லட்சத்துக்கும் மேல் என்று எழுதியவர்களும் உண்டு. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் எளிது: லிபியாவில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2006இல். அதன் பிறகு நடந்தது எல்லாம் புரட்சியும் போரும்தான்.

அந்தக் கணக்கில் வராதவர்களும் ஊரில் இருந்தார்கள். எகிப்திலிருந்து வந்த கொத்தனார்கள், சூடானியர், சிரியர், ஃபலஸ்தீனர், வங்கதேசத்துக்காரர்கள். எகிப்தின் பனீ ஸுவைஃப் மாகாணத்தில் ஒரே கிராமம் எழுபதுக்கும் மேற்பட்ட ஜனாஸாக்களை ஒரே நாளில் அடக்கியது. எல்லோரும் டெர்னாவுக்கு வேலைக்குப் போன ஆண்கள். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் வீடுகளுக்கு அந்தக் கிராமத்தைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை.

ஆகவே மரண எண்ணிக்கை இன்றுவரை நிலைபெறவில்லை. ஐ.நா.வின் மனிதநேய அலுவலகம் முதலில் 11,300 என்றது, பிறகு திருத்திக்கொண்டது. உலக சுகாதார அமைப்பு பதிவான மரணங்கள் 4 ஆயிரத்துச் சொச்சம், காணாமல் போனவர்கள் 8 ஆயிரத்துக்கு மேல் என்றது. ஊர் மேயரோ முதல் வாரத்தில் 18 ஆயிரம் முதல் 20 ஆயிரம் வரை இருக்கலாம் என்றார். நான்காயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு முழு ஊரே அடங்கிவிடும்.

முதல் நாட்களில் மையித்துகளை அடையாளம் காணாமலேயே பெருங்குழிகளில் அடக்கினார்கள். நோய் பரவும் என்ற அச்சம். இப்படி அவசரப்பட வேண்டாம். வெள்ளத்தில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் வருவது அரிது. அடையாளம் பதிந்து தனித்தனியாக அடக்குங்கள் என்று உலக சுகாதார அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் கேட்டுக்கொண்டன. நம் ஃபிக்ஹும் வேறு சொல்லவில்லை. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின் நன்மை பெறுவார் என்று நபிமொழி இருக்கிறது. ஆனால் அது மறுமை நிலை. போர்க்களத்து ஷஹீதைப் போல அல்லாமல் அவருக்குக் குளிப்பாட்டுதல் உண்டு, கஃபன் உண்டு, தொழுகை உண்டு. உடல் சிதைந்து நீர் ஊற்ற முடியாத நிலை என்றால் தயம்மும். வேறு வழியே இல்லாதபோது ஒரே குழியில் பலரை அடக்கவும் அனுமதி உண்டு, உஹதில் நடந்தது போல. ஆனால் உஹதில் யார் யார் என்பது தெரிந்திருந்தது.

பெயர் தெரிய வேண்டும் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? காணாமல் போனவரை ஃபிக்ஹ் 'மஃப்கூத்' என்கிறது. அவருடைய மரணம் உறுதியாகும் வரை, அல்லது காழீ தீர்ப்பளிக்கும் வரை, மனைவிக்கு இத்தா தொடங்காது. சொத்து வாரிசுகளுக்குப் பிரியாது. அவர் வாரிசாகும் சொத்தில் அவருடைய பங்கு ஒதுக்கி வைக்கப்படும். எட்டாயிரம் மஃப்கூத் என்றால் எத்தனை குடும்பங்கள் பாதி விதவைகளாய், பாதி அநாதைகளாய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு, காணாமல் போனவரின் வயதுக்காரர்கள் எல்லாம் இறக்கும் வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது. மாலிகி மத்ஹபில், வழக்கு தொடுத்த பின் நான்கு ஆண்டுகள். இந்தியப் பெண்களின் சிரமத்தைப் பார்த்து மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) போன்ற ஹனஃபி உலமாக்களே மாலிகித் தீர்ப்பை எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் நான்கு ஆண்டு என்ற விதி வந்தது அந்த வழியில்தான். 2004 சுனாமியில் கடலுக்குப் போன உடல்களுக்காக நாகை, கடலூர் கரைகளில் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஏட்டுச் சட்டம் அல்ல என்பது தெரியும்.

வெள்ளம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு, செப்டம்பர் 6ஆம் தேதி, டெர்னாவின் கலாசார இல்லத்தில் அணைகளின் ஆபத்தைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கவிஞர் முஸ்தஃபா அல்தராபுல்ஸி அதில் கலந்துகொண்டு, மழையைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். ஐந்தாம் நாள் இறந்தவர்களில் அவரும் ஒருவர்.

வெள்ளம் வந்து ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, ஊர் மக்கள் மஸ்ஜிதுஸ் ஸஹாபாவின் முன்னால் நூற்றுக்கணக்கில் திரண்டு பொறுப்பானவர்களைக் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். பள்ளிவாசல் சேதமடைந்தாலும் நின்றுகொண்டிருந்தது. 2024 ஜூலையில் டெர்னா நீதிமன்றம் அணைகளின் பொறுப்பில் இருந்தவர்கள் உட்பட 12 அதிகாரிகளுக்கு 9 முதல் 27 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. புதிய பாலங்களும் குடியிருப்புகளும் எழுகின்றன. ஊருக்குத் திரும்பியவர்களும் உண்டு. பெங்காசியிலும் தோப்ருக்கிலும் தங்கிவிட்டவர்களும் உண்டு.

பெருங்குழிகளில் அடக்கப்பட்டவர்களின் எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. மாதிரி எடுத்து, உயிரோடு இருக்கும் உறவினர்களின் இரத்த மாதிரியுடன் ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடிக்கும் வேலையும் தொடங்கியது. மெதுவான வேலை. குடும்பம் முழுவதும் போய்விட்ட வீடுகளில், ஒப்பிட மாதிரி கொடுக்கவும் ஆள் இல்லை.